ரசமட்டம்

எங்கள் தெருவுக்கு அவரைத் தெரு என்று பெயர்.
அந்தப் பக்கம் பட்டாணி, இந்தப் பக்கம் உருளைக்கிழங்கு.
தார்த்து நகரின் இந்த மூலையையே
சூப்புப் பட்டணம் என்றுதான் சொல்கிறார்கள்.
இங்கே வந்து
ஒன்பது வாரமாக அடுப்பில்லாமல் இருக்கிறோம்.

குளியல் தொட்டியில் பாத்திரம் கழுவுகிறேன்,
மண்டியிட்டு, ஏதோ வேண்டுதல் போல.
ஃபிரிட்ஜ் படுக்கையறையில் நிற்கிறது.
நடுராத்திரியில் அது தொண்டையைக் கனைத்தால்
"யாரு?" என்று எழுந்து உட்காருகிறான் வெல்யோ.

பழைய தரையைப் பெயர்த்தது அக்டோபரில்.
லினோலியம். அதன் கீழ் இன்னொரு லினோலியம்.
அதன் கீழ் அட்டை, பழுப்புப் பெயின்ட் அடித்த பலகை,
அதற்கும் கீழே மரத்தூள்,
தூளுக்குள் ஒரு சின்ன எலும்பு.
"எலிதான்" என்றான்.
நம்புவதென்று முடிவு செய்தேன்.

புதுப் பலகை அடித்து முடித்த அன்று
சாக்கிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு நழுவியது.
அது நிற்கவில்லை. அவசரமும் படவில்லை.
வேலைக்குப் போகிற ஆள் மாதிரி
எங்கள் இருவரின் காலையும் தாண்டி
ஆற்றுப் பக்க மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம்.
குமிழி கோட்டை விட்டுக் கரையேறியிருந்தது.
சுவருக்குச் சுவர் நாலு சென்டிமீட்டர்.
நூறு வருஷமாக இந்த வீடு
எமாயோகி ஆற்றை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது.
வங்கியில் மாதாமாதம் டிக்கெட் எடுத்து
நாங்களும் கூடப் போகிறோம்.

நான் பல் செய்பவள்.
முகம் தெரியாத வாய்களுக்குக் கடைவாய்ப்பல் கடைகிறேன்.
ஒரு மயிரிழை உயர்ந்தால் போதும்,
மறுநாளே தாடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.
"மட்டம்னா மட்டம்" என்றேன்.

அவன் பால் டேங்கர் ஓட்டுகிறவன்.
முதுகில் இருபது டன் தளும்ப,
வளைவுக்கு வளைவு அதன் பேச்சைக் கேட்டு ஓட்டுகிறவன்.
"ஜன்னல் சாய்ஞ்சிருக்கு, சுவர் சாய்ஞ்சிருக்கு.
மேடையை மட்டும் நீ நேரா வெச்சா
அதுதான் கோணலாத் தெரியும்."

இரண்டு பேர் சொன்னதும் சரி.
சண்டையே அதனால்தான்.

பிறகு பேச்சு மேடையில் நிற்கவில்லை.
அவன் அம்மா என் சமையலுக்கு வைத்த பெயருக்குப் போனது.
நான் யாரையும் பேசி முடிக்க விடுவதில்லை என்பதற்குப் போனது.
வில்யாந்தியில் வாங்காமல் விட்ட
செங்கல் வீட்டுக்குப் போய்
அதன் வாசலிலேயே விடிய விடிய நின்றது.
நாலு சென்டிமீட்டரில்
இத்தனைக்கும் இடம் இருந்திருக்கிறது.

ஐந்தாம் நாள் ராத்திரி, அடுக்களையில் வெளிச்சம்.
தொப்பியும் கோட்டுமாகத் தரையில் குந்தியிருந்தான்.
கண்ணாடி போன்ற ஒரு நீளக் குழாய்,
அதற்குள் பால்.
ஒரு முனையை ஆணியில் கட்டியிருந்தான்.
மறுமுனையைச் சுவரோடு பிடித்தால்
பென்சில் எடுக்கக் கை இல்லை.
பென்சிலை எடுத்தால் முனை நழுவுகிறது.
எத்தனை நேரமாகவோ தெரியவில்லை.
சாக்ஸெல்லாம் பால்.

நான் போய்ப் பிடித்தேன்.

பால் ஏறி, இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறி
நின்றது.
"அசையாதே, மாரிகா."
"அசையலை."
"மூச்சு விடலாம்."
இரண்டு சுவரிலும் ஒவ்வொரு கோடு போட்டான்.

இப்போது அடுப்புப் பக்கம் என் மட்டம்,
ஜன்னல் பக்கம் அவன் சாய்வு.
பிர்ச் மரத்தில் சீவிய பதினோரு ஆப்புகள்மேல்
எல்லாம் நின்றுகொண்டிருக்கிறது.
இரண்டு மேடையும் சந்திக்கிற இடத்தில்
ஒரு விரல் போகும் சந்து.
சிலிக்கான் பூச வேண்டும், இன்னும் பூசவில்லை.
இதுவரை இரண்டு கரண்டியை விழுங்கியிருக்கிறது.

பிப்ரவரியில் முதல் சூப்பு, பட்டாணிதான்.
என் பக்கத்தில் உப்பு குறைவு என்றான்.
அவன் பக்கத்தில் தட்டு மெல்ல நகர்ந்தது,
அதை நான் சொல்லவில்லை.

ஆற்றுப் பக்க மூலையில்
ஒரு கூடை வைத்திருக்கிறோம்.
கிழங்குகள் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.